மான் தின்னாதவற்றின் பட்டியல்

2 செப்டம்பர் 2011

திருமதி வெர்னா கால்டர்வுட்டுக்கு,

என் அண்ணன் நசாரியோவைக் கொன்றது நீங்கள்.

போன மாதம் பதினெட்டாம் தேதி, வியாழக்கிழமை, உங்கள் குன்று வீட்டின் மேற்குச் சரிவில் அவனுக்கு நாற்பத்தொரு குழி தோண்டும் வேலை. வெயில் நூற்றாறு டிகிரி. இருபத்தொன்பது குழி தோண்டிச் செடியும் வைத்துவிட்டான். முப்பதாவது குழியில் கடப்பாரை அப்படியே நின்றது. கடப்பாரை நின்ற இடத்திலிருந்து நாற்பது அடி தள்ளி, மான்களுக்குத் தண்ணீர் வைக்கிறீர்களே, அந்தக் கல்தொட்டிக்குப் பக்கத்தில் ஒருக்களித்துக் கிடந்தான். தொப்பி தொட்டிக்குள் கிடந்தது. தொட்டி காய்ந்திருந்தது.

போனில் உங்களைப் பிடிக்க முடியவில்லை. நான்கு முறையும் உங்கள் வக்கீல் ஆபீஸ் பெண்தான் எடுத்தாள். அதனால் எழுதுகிறேன். உங்கள் தலைமுறை ஆட்கள் கடிதம் வந்தால் பிரிக்காமல் விட மாட்டார்கள் என்று நசாரியோ சொல்லியிருக்கிறான்.

எனக்கு வேண்டியது ஒரு வரி. மரண விசாரணை நீதிபதி "இதயம் நின்றது, இயற்கை மரணம்" என்று எழுதிவிட்டார். அப்படி எழுதக் காரணம், தோட்ட வேலையைக் காண்ட்ராக்ட் எடுத்த டக் பிராக்கெட் கொடுத்த வாக்குமூலம். "அங்கே குழாய் இருந்தது. வேண்டிய மட்டும் தண்ணீர் இருந்தது. அவன் குடிக்கவில்லை என்றால் நான் என்ன செய்ய" என்றிருக்கிறார். குழாய் இருந்தது, சரி. குழாயில் பித்தளைப் பூட்டும் இருந்தது. அதைப் பார்த்த ஒரே ஆள் அண்ணனோடு வேலை செய்த எலாதியோ. எலாதியோவிடம் இந்த நாட்டில் இருக்கக் காகிதம் கிடையாது. பிராக்கெட் அவனைக் கூப்பிட்டு, "நீ எதையும் பாக்கல. பாத்தேன்னு சொன்னா எல்லைக்கு அந்தப் பக்கம் போய் நின்னுதான் சொல்லணும்" என்று சொல்லிவிட்டார். மிச்சமிருக்கும் சாட்சி நீங்கள் ஒருவர்தான்.

குழாய் பூட்டியிருந்தது, சாவி என் வீட்டுக்குள் இருந்தது என்று எழுதிக் கையெழுத்துப் போடுங்கள். விசாரணையை மறுபடி திறக்க வைப்பேன். என் அண்ணன் தன் நெஞ்சு தானாக நின்று சாகவில்லை என்று அரசாங்கக் காகிதத்தில் இருக்க வேண்டும்.

டெல்ஃபினா ஒல்வேரா


8 செப்டம்பர்

அன்புள்ள டெல்ஃபினா,

இதை மூன்று தடவை எழுதிக் கிழித்துவிட்டேன். உன் கடிதத்தின் முதல் வரியை என்னால் இரண்டாம் முறை படிக்க முடியவில்லை. என் மகளைவிட நீ இளையவள், துக்கத்தில் இருக்கிறாய், அதனால் அதற்குப் பதில் சொல்லாமல் விடுகிறேன். நான் எழுதுவது என் வக்கீலுக்குத் தெரியாது. தெரியாமலே இருக்கட்டும்.

நசாரியோவை எனக்கு இரண்டு வருடமாகத் தெரியும். என் கணவர் போன பிறகு டாலஸ் வீட்டை விற்றுவிட்டு இந்தக் குன்றுக்கு வந்தேன். முதல் வாரம் நாற்பது ரோஜா வைத்தேன். இரண்டே நாளில் மான்கள் தண்டைக்கூட விடவில்லை. அப்போதுதான் பிராக்கெட் உன் அண்ணனை அனுப்பினார். மான் தின்னாத, தண்ணீர் கேட்காத செடிகளின் பட்டியல் ஒன்றை நர்சரியில் கொடுத்திருந்தார்கள். அதைக் கையில் வைத்துக்கொண்டு நாங்கள் இருவரும் சரிவு முழுக்க நடப்போம். ரோஸ்மேரி, உண்ணிச்செடி, சால்வியா, கற்றாழை என்று ஒவ்வொன்றாக நான் படிப்பேன். அவர் சிரித்துக்கொண்டு, "மேடம், மானுக்கு லிஸ்ட் படிக்கத் தெரியாது" என்பார். எவ்வளவு சிரித்திருக்கிறோம்! உன்னிடம் இதைச் சொல்ல வேண்டும்போல் இருந்தது.

ஆகஸ்டில் செடி நடக் கூடாது, அக்டோபர் வரை பொறுங்கள் என்று அவர் சொன்னது உண்மை. ஆனால் என் மகளின் கல்யாணம் செப்டம்பர் இருபத்து நாலில், தோட்டத்திலேயே வைத்திருந்தோம். அவளிடம் வெறும் சுக்கான்பாறையைக் காட்ட எனக்கு மனம் வரவில்லை. முடியும் என்று பிராக்கெட்தான் சொன்னார். முடியாது என்றால் நான் வற்புறுத்தியிருப்பேனா?

பூட்டு இருந்தது. மறைக்கவில்லை. இந்த வறட்சியில் வெளிக்குழாயைத் திறந்தால் குடியிருப்போர் சங்கம் அபராதம் போடுகிறது. எனக்கு இரண்டு எச்சரிக்கை வந்துவிட்டது. வேலை செய்கிறவர்கள் குழாயைத் திறந்தபடி விட்டுப் போய்விடுகிறார்கள். (உன் அண்ணன் அல்ல, மற்றவர்கள்.) சாவி சமையலறை ஆணியில் தொங்கும். கேட்டிருந்தால் கொடுத்திருப்பேன். அன்று மதியம் நான் டவுனில் இருந்தேன், தையற்காரியிடம். திரும்பி வந்து கொஞ்ச நேரத்தில்தான் எலாதியோ மணி அடித்தார்.

பிஸ்கட், என் நாய், அன்றிலிருந்து தினமும் மூன்று மணிக்கு மேல் சமையலறைக் கதவடியில் போய்ப் படுத்துக்கொள்கிறது. கூப்பிட்டால் வருவதில்லை. அதற்கும் ஏதோ புரிகிறது என்று நினைக்கிறேன்.

நசாரியோவின் கல்லறையில் ஒரு செனிசோ வைக்க எனக்கு அனுமதி கொடுப்பாயா? சாம்பல் நிற இலை, மழை வந்தால் ஊதாப் பூ. தண்ணீரே வேண்டாம். மானும் தொடாது.

வெர்னா கால்டர்வுட்


12 செப்டம்பர்

திருமதி கால்டர்வுட்டுக்கு,

நீங்கள் தையற்காரியிடம் போகவில்லை.

எலாதியோ எங்கள் வீட்டுச் சமையலறையில் உட்கார்ந்து சொன்னான்: "அஞ்சு மணி இருக்கும். மணி அடிச்சதும் கெளவி வந்துச்சு. காலுல வீட்டுச் செருப்பு. கன்னத்துல தலகாணி மடிப்பு பதிஞ்சிருந்துச்சு புள்ள. அந்த மடிப்ப நான் சாகுற வரைக்கும் மறக்க மாட்டேன்." தையற்காரிகள் தலையணை கொடுப்பதாக நான் கேள்விப்பட்டதில்லை.

கேட்டிருந்தால் கொடுத்திருப்பேன் என்கிறீர்கள். எப்படிக் கேட்பது? வாடிக்கையாளர் வீட்டுக் கதவைத் தட்டினால் அன்றோடு வேலை போச்சு என்பது பிராக்கெட்டின் முதல் சட்டம். லாரியின் கதவிலேயே எழுதி ஒட்டியிருக்கிறார். பன்னிரண்டு மணிக்கு வேறொரு வீட்டில் ஆள் வேண்டும் என்று எலாதியோவை லாரியோடு கூப்பிட்டுக்கொண்டார். தண்ணீர் டிரம் லாரியில். அண்ணனின் போனும் சாப்பாட்டுப் பையும் லாரியில். அவனிடம் இருந்தது ஒரு சின்ன கேன். உங்களுக்கு அடுத்த வீடு அரை மைல் தள்ளி, அதுவும் பூட்டிய கேட்டுக்குப் பின்னால்.

நீங்கள் சிரித்த அந்த லிஸ்ட் பேச்சின் மிச்சத்தையும் கேளுங்கள். அதை வீட்டில் எங்களிடம் சொல்வான். "மானுக்கு லிஸ்ட் படிக்கத் தெரிஞ்சா நம்ம பொழப்பு ஓடுமா டெல்ஃபி? அந்தம்மா சாயங்காலம் ஆறு மணிக்கு மக்காச்சோளத்தக் கொட்டி மானக் கூப்புடுது. டச்சஸ், பேர்லுன்னு பேரு வேற. சோளத்தத் தின்னுட்டு வாய் தொடைக்க ரோஜாவத் தின்னுது. மறுநாள் எனக்குப் போன் வருது." சோளத்தை நிறுத்துங்கள் என்று உங்களிடம் சொன்னானாம். "பாவம், வறட்சி" என்றீர்களாம். மான் தொட்டியில் தினமும் சாயங்காலம் தண்ணீர் நிரப்பினீர்கள். அதற்குச் சங்கம் அபராதம் போடவில்லையா?

கல்லறையைப் பற்றியும் கேட்டிருந்தீர்கள். எங்கள் ஊர்க் கல்லறைத் தோட்டம் இரண்டு துண்டு. சாலைப் பக்கம் உங்கள் வெள்ளைக்கார ஆட்கள். ஓடைப் பக்கம் நாங்கள். சட்டம் எப்போதோ மாறிவிட்டது, பிணங்கள் இன்னும் மாறவில்லை. மான்கள் பூவைத் தின்கின்றன என்று போன வருடம் சாலைப் பக்கத்துக்கு மட்டும் எட்டடி வேலி போட்டார்கள். கம்பத்துக்குக் குழி தோண்டியவன் நசாரியோ. இப்போது மொத்த மானும் எங்கள் பக்கம். அடக்கம் முடிந்த மறுநாளே மாலை போயிற்று. மூன்றாம் நாள் ரிப்பனையும் தின்றுவிட்டன. இந்த வறட்சியில் எலும்பு தெரிகிற மானுக்குப் பட்டியல் ஒன்றும் கிடையாது. உங்கள் செனிசோ எனக்கு வேண்டாம்.

உங்கள் கடிதத்தை நீதிபதி அலுவலகத்துக்குக் கொண்டுபோனேன். பூட்டு இருந்தது என்று உங்கள் கையெழுத்தில் இருக்கிறதே. அங்கிருந்த எழுத்தர் அம்மா படித்துவிட்டு, "இது வெறும் லெட்டரும்மா. நோட்டரி முன்னாடி சத்தியம் பண்ணிக் கையெழுத்துப் போட்டாத்தான் அவர் ஃபைலத் தொறப்பாரு" என்றார். வங்கியிலேயே நோட்டரி இருக்கிறார். பத்து நிமிட வேலை. எந்த நாள் என்று எழுதுங்கள், நான் வேலை செய்கிற மோட்டலில் விடுப்பு சொல்லிவிட்டு வந்து நிற்கிறேன்.

டெல்ஃபினா ஒல்வேரா


19 செப்டம்பர்

டெல்ஃபினா,

உன்னை நம்பி எழுதிய கடிதத்தை நீ அரசு அலுவலகத்தில் கொண்டுபோய்க் காட்டியிருக்கிறாய். எழுத்தர் என் வக்கீலின் மனைவிக்குத் தோழி. சனிக்கிழமை வக்கீல் என் வரவேற்பறையில் நின்றுகொண்டு, ஒரு குழந்தையைத் திட்டுவது போல் என்னைத் திட்டினார். "வெர்னா, இனி பேனாவையே தொடக் கூடாது. வாழ்த்து அட்டைகூட வேணாம்." எனக்கு அறுபத்தெட்டு வயது.

உன் மேல் கோபமாகத்தான் இதை எழுத உட்கார்ந்தேன். இரண்டு பக்கம் எழுதினேன். இப்போது படித்தால் அதில் ஒரு வரிகூட உண்மையாக இல்லை. அதனால் வேறு தாளில் எழுதுகிறேன்.

நான் வீட்டில்தான் இருந்தேன்.

எனக்கு ஒற்றைத் தலைவலி வரும். பன்னிரண்டரைக்கு மாத்திரை போட்டுக்கொண்டு, திரைகளை எல்லாம் இழுத்துவிட்டுப் படுத்தேன். அதற்கு முன் ஜன்னல் வழியாக அவரைப் பார்த்தேன். கடப்பாரையால் சுக்கான்பாறையை இடித்துக்கொண்டிருந்தார். சத்தம் தலைக்குள் இறங்கியது. இதை எப்படிச் சொல்வது, சத்தம் எப்போது நிற்கும் என்று நினைத்துக்கொண்டே தூங்கினேன்.

மூன்றரை இருக்கும், பிஸ்கட் குரைத்தது. நின்றது. மறுபடி குரைத்தது. நான் கண்ணைத் திறக்காமல், "சும்மா இருடா பிஸ்கட், மான்தான்" என்றேன். அது மான்களைப் பார்த்துக் குரைப்பது வழக்கம். பிறகு வீடு அமைதியாகிவிட்டது. கடப்பாரைச் சத்தமும் இல்லை. அப்பாடா என்றிருந்தது. தூங்கிவிட்டேன்.

இதை நான் யாரிடமும் சொல்லவில்லை. மகளிடமும்.

கல்யாணத்தை ஆஸ்டினில் ஒரு ஓட்டலுக்கு மாற்றிவிட்டோம். அவர் வைத்த இருபத்தொன்பது செடிகளையும் மான்கள் பிடுங்கிப் போட்டுவிட்டன. தின்னவில்லை. பிடுங்கி, ருசி பார்த்து, துப்பிவிட்டுப் போய்விட்டன. நர்சரியில் உரம் போட்டு வளர்த்த செடி முதல் மாதம் எல்லாவற்றுக்கும் இனிக்கும், கூண்டு போட வேண்டும் என்று அவர் சொல்லியிருந்தார். கூண்டு போட ஆள் இல்லை.

குழாய்ப் பூட்டைக் கழற்றிவிட்டேன்.

சத்தியப் பத்திரத்தில் என்னால் கையெழுத்துப் போட முடியாது. போட்டால் வேலை செய்தவருக்குத் தண்ணீர் தர மறுத்தேன் என்றாகும், வழக்கு வந்தால் எனக்கிருக்கும் இந்த ஒரே வீடும் போய்விடும் என்கிறார் வக்கீல். நான் மறுக்கவில்லை. யாரும் கேட்கவில்லை. கேட்டு மறுப்பதும் கேட்காமல் இருப்பதும் ஒன்றா? நீயே யோசித்துப் பார். இந்தக் கடிதத்தைத் தயவுசெய்து எரித்துவிடு.

வெர்னா


26 செப்டம்பர்

திருமதி கால்டர்வுட்டுக்கு,

எரிக்கவில்லை. ஆனால் யாரிடமும் காட்டவும் இல்லை. எத்தனை கடிதம் கொண்டுபோனாலும் சத்தியம் செய்யாத காகிதம் வெறும் காகிதம்தான் என்று தெரிந்துகொண்டேன். அதோடு, இதை நீங்கள் எழுத எவ்வளவு பாடுபட்டிருப்பீர்கள் என்றும் தெரிகிறது. தெரிவதால் என் கோபம் குறையவில்லை.

யாரும் கேட்கவில்லை என்கிறீர்கள். ஞாயிற்றுக்கிழமை முழுக்க அந்த வரியை வைத்துக்கொண்டே மோட்டல் துணிகளைத் துவைத்தேன். துணி மடிக்கும்போது ஒன்று நினைவுக்கு வந்தது.

உங்கள் சமையலறைக் கதவுக்கு வெளியே ஒரு முற்றம் இருக்கிறது. சுற்றிலும் தோள் உயரக் கல்சுவர், ஒரு இரும்புக் கேட். போன குளிர்காலத்தில் நசாரியோ கட்டினான். நானும் ஒரு ஞாயிற்றுக்கிழமை அவனுக்குச் சோறு கொண்டுவந்தபோது பார்த்தேன். துளசி, கொத்தமல்லி மாதிரி மான் விடாத செடிகளை நீங்கள் அதற்குள் வைத்திருக்கிறீர்கள். "இவ்ளோ உசரந்தானா? ஆறடியே தாண்டுமே" என்று கேட்டேன். சிரித்தான். "மான் தாண்டும். ஆனா உள்ள என்ன இருக்குன்னு தெரியாத எடத்துக்குள்ள குதிக்காது. சின்ன எடம், நாலு பக்கமும் செவரு. மாட்டிக்குவோம்னு அதுக்குத் தெரியும். நமக்குத்தான் தெரியாது" என்றான். இத்தனை மாதத்தில் அந்த முற்றத்துக்குள் ஒரு மான்கூட வந்ததில்லை. துளசி இன்னும் இருப்பதே சாட்சி.

பூட்டுப் போட்ட குழாயும் அந்த முற்றத்தில்தான் இருக்கிறது. கதவுக்கு இரண்டடி தள்ளி.

தண்ணீர் தீர்ந்தவன் முதலில் எங்கே போவான்? குழாயிடம். பூட்டைப் பார்ப்பான், இழுத்துப் பார்ப்பான். பிறகு இரண்டடி தள்ளி இருக்கும் கதவைப் பார்ப்பான். பிராக்கெட்டின் சட்டமும் அவன் நினைவில் இருக்கும். நாக்கு உள்ளே ஒட்டிக்கொண்ட பிறகும் சட்டம் நினைவிருக்குமா? எனக்குத் தெரியாது. கடைசியில்தான் மான் தொட்டிக்குப் போயிருக்கிறான்.

உங்கள் முதல் கடிதத்தில் நாய் சமையலறைக் கதவடியில் போய்ப் படுக்கிறது, மூன்று மணிக்கு மேல், கூப்பிட்டால் வருவதில்லை என்று எழுதினீர்கள். இரண்டாவது கடிதத்தில் மூன்றரைக்குக் குரைத்தது, மான்தான் என்று எழுதினீர்கள். மான்கள் வருவது மேற்குப் பக்கம், வரவேற்பறைக் கண்ணாடிக் கதவுக்கு நேரே.

பத்திரம் வேண்டாம். நோட்டரி வேண்டாம். எனக்கு மட்டும் சொல்லுங்கள். அன்று மூன்றரைக்கு நாய் எந்தக் கதவைப் பார்த்துக் குரைத்தது?

டெல்ஃபினா


3 அக்டோபர்

டெல்ஃபினா,

பிஸ்கட்டுக்குப் பதின்மூன்று வயது. காது சரியாகக் கேட்காது. எதற்கும் குரைக்கும், காற்றுக்கும் குரைக்கும். அன்று நான் படுக்கையறையில், கதவைச் சாத்திக்கொண்டு இருந்தேன். வீட்டுக்குள் நாய் எங்கே நின்றது என்று எனக்கு எப்படித் தெரியும்?

மாத்திரை போட்டால் எனக்கு எதுவும் தெளிவாக நினைவிருப்பதில்லை. மருத்துவரிடம் வேண்டுமானால் கேள்.

சமையலறைக் கதவுக்கு வேறு பெயிண்ட் அடித்தாயிற்று. கல்யாணத்துக்காக முன்பே சொல்லி வைத்திருந்த வேலை அது. நீ வேறு எதுவும் நினைத்துவிடக் கூடாது என்பதற்காக எழுதுகிறேன்.

உனக்கு நல்லது நடக்க வேண்டும் என்று பிரார்த்திக்கிறேன். இனி எழுத மாட்டேன்.

வெ. கா.


17 அக்டோபர்

திருமதி கால்டர்வுட்டுக்கு,

உங்கள் செடி வந்து சேர்ந்தது. நர்சரி வண்டிக்காரர் எங்கள் வாசலில் இறக்கி வைத்துவிட்டு, "யாரோ குடுக்கச் சொன்னாங்க, பேரு சொல்ல வேணாம்னாங்க" என்றார். அட்டை இல்லை, கடிதமும் இல்லை. தொட்டியில் ஒரு செனிசோ.

பிறகு ஒன்பதாம் தேதி மழை பெய்தது. பத்து மாதத்துக்குப் பிறகு. மோட்டலில் எல்லோரும் போட்டதைப் போட்டபடி வெளியே ஓடிப்போய் நனைந்தார்கள். நானும் போனேன். சிரித்தேன் என்று நினைக்கிறேன். உள்ளே வந்து ஈரத் துணியைக் கையில் எடுத்தபோது, ஏழு வாரம் முந்தி இதில் ஒரு டம்ளர் விழுந்திருந்தால் போதுமே என்று தோன்றியது.

நேற்று செனிசோவைக் கல்லறையில் வைத்தேன். உங்களுக்காக இல்லை. அக்டோபரில் நடு என்று அவன் சொன்னதற்காக. கம்பிவலை வாங்கிக் கூண்டும் போட்டேன். எலாதியோ இல்லை, ஒக்லஹோமா பக்கம் போய்விட்டான். போகிற அன்று, "நீ படிச்ச புள்ள, நீ பாத்துக்க" என்றான். பன்னிரண்டாவது வரை படித்திருக்கிறேன். அதை வைத்து நான் எதைப் பார்த்துக்கொள்வது?

திரும்பும்போது பஸ்ஸில் வராமல் குன்றுக்கு ஏறினேன். கேட்டில் காவலர் விடவில்லை. ஆனால் சாலை வளைவிலிருந்து உங்கள் வீடு தெரிகிறது. விற்பனைக்கு என்று பலகை வைத்திருக்கிறீர்கள். சரிவில் மான்கள் செடியைப் பிடுங்கிய இருபத்தொன்பது குழியும் மண் மூடாமல் அப்படியே இருக்கின்றன. மழைத் தண்ணீர் இன்னும் வற்றவில்லை. ஒரு பெட்டை மான், டச்சஸோ பேர்லோ, தலையைத் தாழ்த்தி அவன் தோண்டிய குழியில் குடித்துக்கொண்டிருந்தது. அதன் மேல் எனக்குக் கோபம் இல்லை.

முற்றத்துச் சுவருக்கு மேலே சமையலறைக் கதவைப் பார்த்தேன். பச்சை. மற்ற கதவுகள் எல்லாம் பழைய வெள்ளையாகவே இருக்கின்றன. கல்யாணத்துக்கு ஒரே ஒரு கதவுக்குத்தான் பெயிண்ட் அடிப்பார்களா? அதுவும் கல்யாணத்தை ஓட்டலுக்கு மாற்றிய பிறகு? நாள் முழுக்கச் சுக்கான்பாறை இடித்தவன் கை எப்படி இருக்கும் என்று எனக்குத் தெரியும். இரண்டு வருடம் எங்கள் வீட்டுக் கதவில் அவன் கைத்தடத்தைத் துடைத்திருக்கிறேன். வெள்ளைக் கதவில் அந்த வெள்ளைப் பாறைத்தூள் தெரியாது என்றுதான் நினைத்தேன். வியர்வையோடு பட்டால் சாம்பல் நிறத்தில் நிற்கும். ஐந்து விரலும் தனித்தனியாகத் தெரியும். கழுவினால் போகாது.

நீங்கள் இதற்குப் பதில் எழுத மாட்டீர்கள் என்று சொல்லிவிட்டீர்கள். வீட்டை வாங்குகிறவர்களிடம் நாய் மான்களைப் பார்த்துக் குரைக்கும் என்று சொல்வீர்கள். செடிகளைப் பற்றிக் கேட்டால் அந்தப் பட்டியலைக் கொடுப்பீர்கள். நீதிபதியின் காகிதத்தில் என் அண்ணனின் நெஞ்சு தானாகவே நின்றதாக இருக்கும். அது எல்லாம் நடக்கட்டும்.

ஒன்றை மட்டும் எழுதுங்கள். அவன் கதவைத் தட்டினானா? எத்தனை தடவை தட்டினான்?

டெல்ஃபினா ஒல்வேரா